வெயில் நாளில் முண்டந்துறைக் காட்டில் பறவை கணக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி, சித்திரையில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரம் கொதிக்கும். மேலே நாலுமுக்கு, கோதையாறு பக்கம் சில்லென்று இருக்கும் அதே நேரத்தில், கீழே பாபநாசம், சேர்வலாறு பக்கத்துக் காட்டில் ஓர் இலை அசையாது. வனத்துறையின் நிலப்பறவைக் கணக்கெடுப்பு சில ஆண்டுகளாக மார்ச் மாதத்தில்தான் நடக்கிறது. தன்னார்வலர்களாக வருபவர்களுக்கு ஆர்வத்தில் குறைவே இல்லை. ஆனால் வெயில் ஏற ஏற அவசரம் வருகிறது. அவசரத்தில் ஊகிக்கிறோம், ஊகித்தது பட்டியலில் ஏறிவிடுகிறது. அதே வெயிலில்தான் பறவையும் இருக்கிறது என்பது மறந்துபோகிறது.

முதல் தவறு, தாமதமாகக் கிளம்புவது. அம்பாசமுத்திரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாலே பாதி நாள் போச்சு. வெளிச்சம் வருவதற்கு முன்பே காட்டு வாசலில் நிற்க வேண்டும். ஆறுமணிக்குருவிக்குப் பெயரே அது கூவும் நேரத்தால் வந்தது. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். ஏப்ரல் வாக்கில் வடக்கே கிளம்பிவிடும். ஒன்பது மணிக்கு வருபவர் காதில் அது விழுவது அபூர்வம். பத்துமணிக்கு மேல் பெரும்பாலான பறவைகள் நிழலுக்குள் ஒடுங்கி, அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அவற்றுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது; சூட்டைத் தணிக்க அதுதான் வழி. அந்த நேரத்திலும் விடாமல் ‘டுக் டுக்’ என்று கூவுவது செம்மார்புக் குக்குறுவான். கழுகு இனங்களுக்கு மட்டும் வெயில் ஏறுவதுதான் வசதி. சூடான காற்று மேலெழும்போது அதில் ஏறி வட்டமிடும். ஆக, காலையில் காதுக்கும் வெயில் ஏறியபின் வானத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நிறையப் பேர் ஒரு பாட்டிலோடு வந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு மூன்று லிட்டராவது வேண்டும், அதுவும் தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரும் போதாது. வியர்வையில் உப்பும் சேர்ந்து போகிறது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் அதை நினைவில் கொள்ளுங்கள். உப்புப் போட்ட மோர், நீராகாரம் இரண்டுமே நல்லது. கூட வருபவர் தலை சுற்றுகிறது என்றால் கணக்கெடுப்பை நிறுத்தி நிழலில் படுக்க வையுங்கள். பேச்சு குழறினாலோ, சொன்னது புரியாமல் விழித்தாலோ, உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அதற்கு முன்னால் எந்தப் பறவையும் முக்கியமில்லை.

உடை வெள்ளையாகவோ சிவப்பாகவோ வேண்டாம். மங்கிய பச்சை, பழுப்பில் முழுக்கைப் பருத்திச் சட்டை போதும். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். பாறை இடுக்கிலும் உயர்ந்த மரங்களிலும் மலைத்தேனீக் கூடுகள் இருக்கும். வாசனை அவற்றைச் சீண்டும். வழிகாட்ட வரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள் பலர் உண்டு. அவர் கையை உயர்த்தி “நில்லுங்க” என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். “என்ன அண்ணாச்சி, யானையா?” என்று பின்னாலிருந்து சத்தமாகக் கேட்பது கூடவே கூடாது. யானை, கரடி, காட்டுமாடு எது என்றாலும் அவர் காதுக்கு நமக்கு முன்பே தெரியும்.

கோடையில் ஓடைகள் வற்றி, அங்கங்கே கசம், அதாவது தண்ணீர் தேங்கிய பள்ளம் மட்டும் மிஞ்சும். களைத்துப்போன குழு நேரே அங்கே போய் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறது. நண்பகலில் பறவைகள் தண்ணீர் குடிக்க வருவதும் அங்கேதான். நாம் ஒரு மணிநேரம் உட்கார்ந்தால் அந்த ஒரு மணிநேரமும் அவை தாகத்தோடு கிளையில் காத்திருக்கும். முப்பது நாற்பது அடி தள்ளி, மர நிழலில் பேசாமல் இருங்கள். நடந்து தேடியபோது கிடைக்காதவைகூட ஒவ்வொன்றாக இறங்கி வரும். சோப்புக் கையை அந்தத் தண்ணீரில் கழுவ வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுவது கூட்டுக்கு அருகில் போவது. கோடைதான் பல பறவைகளுக்குக் கூடு கட்டும் காலம். இருவாச்சியில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு கீற்று இருக்கும். ஆண்தான் அத்திப்பழமும் ஆலம்பழமும் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். மரத்தடியில் மனிதர்கள் நின்றால் அது வராது. படத்துக்காக நாம் காத்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே தாயும் குஞ்சும் பசித்திருக்கும். ஆட்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிடும். முட்டை கூழாங்கல் மாதிரியே கிடக்கும். சுடாமல் இருக்கத் தாய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து அதன்மேல் உட்காரும். அது தலைக்குமேல் கத்திக்கொண்டு பறந்தால், கீழே பார்த்தபடி வந்த வழியே திரும்புங்கள். காட்டை விட்டுக் கீழே இறங்கினாலும் இதே கதைதான். 1994இல் சரணாலயமான கூந்தன்குளத்தில் சங்குவளை நாரை, குஞ்சுகளின்மேல் வெயில் படாமல் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும். அதைக் கிளப்பிவிட்டால் சில நிமிட வெயில் போதும், குஞ்சு துவண்டுவிடும். காகம் வேறு காத்திருக்கும். அந்த ஊர் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. வெளியிலிருந்து போகும் நாம் பத்தடி தள்ளி நிற்கக்கூடாதா?

செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இந்த வகைதான். வேறொரு பறவை எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, அது கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. கணக்கெடுப்பில் இதற்கு இடமே இல்லை.

அப்புறம் பதிவு. உச்சிவெயிலில் எதிர்வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். கண்முன் வெட்டவெளி இருந்தால் கானலில் அலகின் நிறமும் உருவ அளவும் மாறித் தெரியும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். குரலை மட்டும் நம்பி எழுதும்போது துடுப்புவால் கரிச்சானை மறக்க வேண்டாம். மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும்; அனுபவசாலிகளே ஏமாறுவார்கள். பதினொரு மணிக்குமேல் ஒரு பட்டியலில் அபூர்வமான பெயர்கள் ஏறினால் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். உறுதியில்லை என்றால் ‘குக்குறுவான் இனம்’, ‘கழுகு இனம்’ என்று எழுதினால் போதும். உழவாரன், தகைவிலான் மாதிரி சுற்றிச் சுற்றிப் பறப்பவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணாமல், ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள்.

காகத்தையும் மைனாவையும் ‘இதெல்லாம் எதற்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. இன்று எளிதாகத் தெரிவது நாளை குறைகிறதா என்று தெரிந்துகொள்ள, எல்லாரும் எல்லா ஆண்டும் எழுதிய எண்கள் வேண்டும். இருவாச்சியை மட்டும் எழுதிய பட்டியல் அதற்கு உதவாது. தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் பார்த்தீர்கள் என்பதையும் குறியுங்கள். பார்த்த இடத்திலேயே குறியுங்கள், வண்டியில் ஏறியபின் நினைவிலிருந்து வேண்டாம். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுவதை அன்று மாலையே முடித்துவிடுங்கள். கூடு பார்த்திருந்தால், அந்த மரம் எங்கே இருக்கிறது என்பதை வனத்துறையினரிடம் மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.