துருவோடு ப்ளூயிங்கையும் அழிக்கும் தவறுகள்

துப்பாக்கியை ஈரத்தோடு உறையில் போடுவது, எண்ணெய் காட்டாமல் மாதக்கணக்கில் விட்டுவிடுவது எல்லாம் எவரும் ஒருமுறை பட்டுத் திருந்திக்கொள்வார்கள். அக்கறையோடு செய்யும் தவறுகள்தான் துப்பாக்கியையும், ப்ளூயிங் எனப்படும் அதன் கருநீலப் படலத்தையும் பாழாக்குகின்றன.

ப்ளூயிங் செய்த குழலில் துரு நீக்கும் அமிலம்

குழலில் மிளகளவு துருப்புள்ளி. புதியவர் உடனே பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியை எடுக்கிறார், இல்லாவிட்டால் வினிகரை. தேய்த்த சற்று நேரத்தில் துரு போகிறது. சுற்றியிருந்த கருநீலமும் போய், சாம்பல் நிறத்தில் வெற்றிரும்பு தெரிகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் துளி எண்ணெயில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

ப்ளூயிங் என்பது பெயின்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பே மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாறியிருக்கிறது. தடிமன் ஓரிரு மைக்ரான்தான். செந்துருவும் இரும்பு ஆக்சைடே. அமிலம் இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

அடுத்த தவறு, வெளுத்த இடத்தில் கோல்டு ப்ளூ (cold blue, சூடாக்காமல் தடவும் திரவம்) தடவுவது. அது செலினியம், தாமிர உப்புகளால் ஏற்றும் வேறொரு நிறம்; திட்டாகத் தெரியும், சீக்கிரம் தேயும். கடைசியில் முழுக் குழலையும் மெருகேற்ற வேண்டிவரும். அப்போது பொறித்த எழுத்துகளின் விளிம்பும் மழுங்கும்.

சரியான வழி: தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். புள்ளியின் மேல் மெல்லிய எண்ணெய் விட்டு இரவு முழுதும் ஊறவிடுங்கள். 0000 எண் ஸ்டீல் வுல்லை (மிக மெல்லிய இரும்பு நார்) எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் செம்பழுப்பு இறங்கும். அது நின்றதும் கையை எடுத்துவிடுங்கள்.

குழல் முழுக்க மெல்லிய புதுத் துரு படர்ந்திருந்தால், கழற்றி, அசிட்டோனால் பிசுக்கு நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் 15–20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். செந்துரு கறுப்பாக மாறும். மேலே நிற்கும் கறுப்புத் தூளை, பிசுக்கு நீக்கிய ஸ்டீல் வுல்லால் எடுத்துவிட்டு, சூடு தணியுமுன் எண்ணெய் பூசுங்கள்.

இரட்டைக் குழலைக் கார உப்புத் தொட்டியில் இறக்குவது

சூடான முறையில் ப்ளூயிங் ஏற்றும் தொட்டி இது. அதில் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு, குழல்களை இணைக்கும் ஈய-வெள்ளீயப் பற்றாசை அரிக்கும். இடுக்கில் தங்கிய உப்பு உள்ளிருந்தே துருவை வளர்க்கும். இரட்டைக் குழல்களுக்கு மெதுவான ரஸ்ட் ப்ளூயிங்தான் (மெல்லத் துருப்பிடிக்கவைத்து, கொதிநீரில் கறுப்பாக்கும் முறை).

பார்க்கரைசிங்கை உலர்வாக விடுவது

பார்க்கரைசிங் என்பது இரும்பின் மேல் ஏற்றும் பாஸ்பேட் படலம். அதில் நுண்துளைகள் அதிகம். துருவைத் தடுப்பது அந்தத் துளைகள் பிடித்துவைத்திருக்கும் எண்ணெய்.

தோல் உறையில் பூட்டி வைப்பது

வேண்டாம். பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் இருக்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும்.

ஸ்டெயின்லெஸ்தானே என்று விடுவது

அதுவும் துருப்பிடிக்கும், மெதுவாக.

வெளியே மட்டும் துடைப்பது

குளிரிலிருந்து வெப்பமான அறைக்குள் வந்ததும் இரும்பு வியர்க்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின், மரக்கட்டையைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மரம் உறிஞ்சிய ஈரம் அங்கேதான் இரும்பை ஒட்டி நிற்கும்.