பெண்ணின் கருவுறும் திறனும் ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்களும்: நாம் செய்யும் தவறுகள்

குழந்தைக்கு முயலும்போது ரசாயனங்களைப் பற்றி யோசித்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. கருப்பை வடிவம் பெறுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் ஏற்படும் கோளாறு வெளியே தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம்.

'அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. அமெரிக்காவில் 1940களிலிருந்து, கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை (பெண் ஹார்மோனை)க் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அதனால் பலனில்லை என்று 1953லேயே சிகாகோ ஆய்வு ஒன்று காட்டியும் மருந்து நிற்கவில்லை. 1971ல் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட்டும் சக மருத்துவர்களும் இளம்பெண்களுக்கு வந்த ஓர் அரிய புற்றுநோய்க்கும் இந்த மருந்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகுதான் அரசு எச்சரித்தது. மருந்தைச் சாப்பிட்டவர்கள் தாய்மார்கள். கருப்பை வடிவம் மாறிப் பிறந்தவர்கள் மகள்கள். 2011ல் வெளியான ஆய்வின்படி, அந்த மகள்களில் 100க்கு 33 பேருக்குக் கருவுறுவதில் சிக்கல். மற்ற பெண்களில் அது சுமார் 15. அந்தத் தாய்மார்கள் மருத்துவரை நம்பியவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

சரி, பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும், ஈஸ்ட்ரோஜனைப்போல் செயல்படக்கூடிய ரசாயனம் பி.பி.ஏ. டப்பாவில் 'பி.பி.ஏ. இல்லாதது' என்ற லேபிள் இருந்தால் போதுமா? போதாது. 1998ல் அமெரிக்க விஞ்ஞானி பாட்ரிசியா ஹண்டின் ஆய்வகத்தில், தவறான சோப்பால் கழுவியதில் பழுதான பிளாஸ்டிக் கூண்டுகளிலிருந்து பி.பி.ஏ. கசிந்து எலிகளின் கருமுட்டைகளைப் பாதித்தது. 2018ல் அதே குழு, பி.பி.ஏ.வுக்குப் பதிலாக வந்த பி.பி.எஸ். போன்றவையும் எலிகளில் அதேபோன்ற பாதிப்பை உண்டாக்குவதாகச் சொன்னது.

அதற்காக டி.இ.எஸ்.ஸையும் வீட்டு டப்பாவையும் ஒரே தட்டில் வைத்துப் பயப்படுவதும் சரியல்ல. டி.இ.எஸ். மருந்தாகவே கொடுத்த வீரியமான ஹார்மோன். பிளாஸ்டிக் விஷயத்தில் மனிதர்களிடம் கிடைத்த சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனாலும் கர்ப்பிணிக்குக் கொதிக்கும் சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் கவரில் வாங்கிவரத் தேவையில்லை, தூக்குவாளி எடுத்துப் போகலாம். பிளாஸ்டிக் டப்பாவோடு மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் கடையில் மாத்திரை வாங்கவே வேண்டாம்.

அப்புறம், கரு தங்காவிட்டால் எல்லாப் பழியையும் பிளாஸ்டிக் மேல் போட்டுவிட்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வருடம், 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் முயன்றும் பலனில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். கணவரும் கூடவே போய் விந்தணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.