வீடற்றோரின் அனுபவத்தைத் தெருவில் நாடகமாக்கும் முறை

வீடற்றோரோடு சேர்ந்து நாடகம் அமைக்க விரும்புவோர் முதலில் எழுத வேண்டியது வசனம் அன்று, நேர அட்டவணை. கடை வாசலில் உறங்குபவர் கடை அடைத்த பின்பே படுக்க முடியும். இருட்டிய பின் ஒத்திகை வைத்தால் அவருடைய இடத்தை அன்றிரவு வேறொருவர் பிடித்துவிடக்கூடும். ஆகவே ஒத்திகையைப் பிற்பகலில், சாப்பாட்டோடும் அன்றைய கூலிக்கு ஈடான தொகையோடும் வையுங்கள். நடைபாதையில் மட்டும் ஆள் தேட வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நடைமேடை ஆகியவற்றில் தங்குவோரையும் சேர்த்தே நாட்டில் ஏறத்தாழ 17.7 லட்சம் பேரை வீடற்றோராகக் கணக்கிட்டது.

"வீடு எப்படிப் போயிற்று?" என்று தொடங்காதீர்கள்; அதற்குப் பலரிடம் பதில் சொல்லி அவர்கள் சலித்திருப்பார்கள். "இரவில் செருப்பை எங்கே வைப்பீர்கள்?", "குளிக்கப் போகும்போது மூட்டையை யார் பார்த்துக்கொள்வார்?" என்று கேட்டால், சொல்வதைவிடச் செய்து காட்டத் தொடங்குவார்கள்; அந்தக் கையசைவுகளே உங்கள் காட்சி. இரண்டு மூன்று பேரின் அனுபவங்களைக் கலந்து ஒரே பாத்திரமாக்கி, ஊரையும் தொழிலையும் மாற்றுங்கள். முதல் நாள் சம்மதித்தவரிடம் அரங்கேற்றத்துக்கு முந்தைய நாளும் கேளுங்கள். அவர் தயங்கினால், எவ்வளவு நல்ல காட்சியானாலும் நீக்கிவிடுங்கள்.

வடிவத்துக்கு, பிரேசில் நாட்டின் அகஸ்தோ போவால் உருவாக்கிய, பார்வையாளரும் இடையே புகுந்து நடிக்கும் ஃபோரம் தியேட்டர் பொருத்தமானது. லண்டனில் 1991இல் தொடங்கிய கார்ட்போர்டு சிட்டிசன்ஸ் குழு வீடற்றோரோடு இம்முறையில் நாடகங்கள் நடத்திவந்திருக்கிறது. முகவரி இல்லாததால் ஒருவரின் விண்ணப்பம் திருப்பப்படுவது போல, நாயகர் தோற்குமிடத்தில் முடியும் பத்து நிமிடக் காட்சியை ஒருமுறை முழுமையாக நடித்துவிட்டு, மறுபடியும் தொடங்குங்கள். இம்முறை பார்வையாளர் "நிறுத்து" என்று சொல்லி, நாயகரின் இடத்தில் தாமே நின்று வேறு வழியை முயலலாம். விண்ணப்பத்தைத் திருப்பும் அதிகாரியின் பாத்திரத்தை மாற்ற அனுமதிக்காதீர்கள். அதிகாரி நல்லவராகிவிட்டால் நாடகமே முடிந்துபோகும். நடிகர்களோடும் பார்வையாளரோடும் பேசி நடத்துபவரைப் போவால் ஜோக்கர் என்றார். நம் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அவருக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை: தெருக்கூத்தின் கட்டியங்காரன் கூட்டத்தோடு பேசுவதையும் இடைமறிப்பதையும் நெடுங்காலமாகச் செய்துவருகிறான்.

கடலூரில் ஆடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் கண்டவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். "எங்கள் கூரையும்தான் போயிற்று" என்று எழுவார்கள். பேசவிடுங்கள், ஆனால் கட்டியங்காரன் பேச்சை நாயகரிடம் திருப்ப வேண்டும். ஊரே இழந்தபோது கிடைத்த நிவாரணமும், தனியொருவர் இழக்கும்போது கேட்கும் வசையும் ஒன்றல்ல.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தைத் தவிர்த்து, காவல்துறையிடமும் உள்ளாட்சியிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோ திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையப் பகுதியோ கூட்டத்துக்கு ஏற்றவைதாம். எனினும் நடிகர்கள் உறங்கும் இடத்துக்கு அருகே ஆட வேண்டாம், மறுநாள் அடையாளம் கண்டு விரட்டப்படுபவர்கள் அவர்களே. எட்டு மணிக்குள் முடித்து, கடைகள் அடைக்குமுன் அவர்களைத் திரும்பக் கொண்டுவிட ஒரு வண்டியும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.