மோரிஸ் மைனரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துதல்

1948 முதல் 1971 வரை உற்பத்தி செய்யப்பட்ட மோரிஸ் மைனர் கார், எந்த ஆண்டிலும் தொழிற்சாலையிலிருந்து டிஸ்க் பிரேக்குடன் வெளிவந்ததில்லை. தொடக்கத்தில் முன்சக்கரங்களுக்கு 7 அங்குல டிரம்களே (உள்ளிருந்து ஷூ எனும் வளைந்த கட்டைகள் அழுத்தி நிறுத்தும், சக்கரத்தோடு சுழலும் கிண்ணங்கள்) இருந்தன. 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது அவை 8 அங்குலமாக்கப்பட்டன. நல்ல நிலையில் உள்ள டிரம்கள் ஊருக்குள் ஓட்டுவதற்கு இன்றும் போதுமானவையே. ஆனால், இந்தக் கார்கள் இன்னும் சாலையில் காணப்படும் இலங்கையில், நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கீழே இறங்குவது போன்ற நீண்ட இறக்கத்தில், பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கும்போது டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகிச் செல்கிறது; பெடல் மேலும் மேலும் கீழே போகிறது. சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க் சூடேறினாலும், அதை இருபுறமும் அழுத்தும் பேடை விட்டு விலகுவதில்லை. காற்றும் படுவதால் விரைவில் ஆறிவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மைனரின் முன் டிரம்மில் உள்ள இரண்டு ஷூக்களும், சக்கரம் சுழலும் விசையாலேயே டிரம்மோடு மேலும் இறுக்கமாக அழுந்தும்படி அமைக்கப்பட்டவை. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. காலால் மிதிக்கும் விசை மட்டுமே பேடை அழுத்துகிறது. ஆகவே இது இரண்டு சக்கரங்களில் உதிரிபாகத்தை மாற்றும் வேலை அன்று. பெடலிலிருந்து பின்சக்கரம் வரை முழு அமைப்பையும் சேர்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் காலிபரை வாங்குவதற்கு முன்பே, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி யோசித்துவிடுவது நல்லது.

மைனருக்கென்றே தயாரிக்கப்படும் டிஸ்க் பிரேக் கிட்டுகள் (உதிரிபாகத் தொகுப்புகள்) கிடைக்கின்றன. பழைய காரின் காலிபரைக் கழற்றி, பட்டறையில் பிராக்கெட் வெட்டிப் பொருத்துவதைவிட அவற்றையே வாங்குமாறு பரிந்துரைப்பேன். வாங்கும்போது, வண்டியிலுள்ள 14 அங்குலச் சக்கரத்துக்குள் அந்தக் காலிபர் அடங்குமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிரேக்கைத் தொடுவதற்கு முன் முன்பக்க சஸ்பென்ஷனைச் சோதிக்க வேண்டும். மைனரில் மிகவும் அஞ்ச வேண்டிய பழுது, சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனின் மரை தேய்ந்து, ஓடும்போதே முன்சக்கரம் மடிந்துவிடுவதுதான். தேய்ந்த டிரன்னியனோடு புது டிஸ்க்கைப் பூட்டுவதில் பொருளே இல்லை. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்து, ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் இறக்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின் டிரம், ஹப், ஷூ, ஷூக்களைத் தாங்கும் பின்தட்டு ஆகியவற்றை வரிசையாகக் கழற்றலாம். பிராக்கெட் உட்காரும் முகத்தில் துருவோ பெயின்டோ இல்லாதபடி வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு சிறு துணுக்கே காலிபரைச் சாய்த்துவிடும். கிட்டோடு வரும் உயர்வலிமை போல்ட்டுகளையே பயன்படுத்தி, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஹப்பைத் திரும்பப் போடும்போது பேரிங்குகளுக்குப் புதுக் கிரீஸும், நட்டுக்குப் புது ஸ்பிளிட் பின்னும் இடுவது அவசியம்.

புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்ப் படலத்தைப் பிரேக் கிளீனரால் முழுவதும் துடைத்தெடுங்கள். பூட்டியபின் டயல் கேஜை (நுண்ணசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தால், முள் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. அசைந்தால் பெடலில் நடுக்கம் வரும். காலிபரைப் பூட்டும்போது காற்று வெளியேற்றும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது காலிபர்கள் மாறிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். எத்தனை முறை பிளீட் செய்தாலும் (நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்ற முயன்றாலும்) மேலே தங்கிய காற்று வெளியேறாது. இந்த நிலையிலேயே சக்கரத்தைப் பூட்டிச் சுற்றி, காலிபருக்கும் ரிம்முக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதை உறுதி செய்யுங்கள்.

பைப் இணைப்பில்தான் பலரும் பொருளைப் பாழாக்குகிறார்கள். மைனரின் பிரேக் பைப் நட்டு 3/8 அங்குல (ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர்) யூஎன்எஃப் எனும் அங்குல வகை மரை கொண்டது. பிற்காலக் காலிபர்கள் பலவற்றில் இருப்பது 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. 9.5 மில்லிமீட்டர் நட்டு 10 மில்லிமீட்டர் துளைக்குள் இரண்டொரு சுற்று ஏறுவது போலவே ஏறும். ஸ்பேனரால் அழுத்தினால் மரை அறுந்துவிடும், அல்லது அழுத்தம் வரும்போது பிடுங்கிக்கொண்டு வரும். ஆகையால் எந்த நட்டையும் முதலில் விரலாலேயே முழுவதும் ஏற்றிப் பார்க்க வேண்டும். புது ஹோஸ்கள், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பும்போதும், சக்கரம் தொங்கும்போதும் இழுபடாமலும் டயரில் உரசாமலும் இருக்க வேண்டும்.

இனி மாஸ்டர் சிலிண்டர். அது ஓட்டுநரின் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே சேசிஸ் சட்டத்துக்குள் பதுங்கியிருக்கிறது. அதைப் பிடிக்கும் போல்ட்டுகளை உருவ முடியாதபடி டார்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி) குறுக்கே கிடப்பதால், அந்தப் பாரை நகர்த்தியே சிலிண்டரை எடுக்க வேண்டியிருக்கும். திரும்பப் போடும்போது போல்ட்டை எதிர்ப்பக்கமிருந்து செருகிவிட்டால் அடுத்த முறை அந்தச் சிரமம் இராது. டிரம் பிரேக்குக்காக லைனில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று இந்தச் சிலிண்டரின் முனையில் உண்டு. அந்த அழுத்தம் டிஸ்க்கில் பேடை எப்போதும் உரசவைக்கும் என்பதால், கிட்டின் குறிப்புப்படி அந்த வால்வை நீக்க வேண்டும். பெடலோடு இணைந்த புஷ் ராடுக்கும் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே சற்றுத் தளர்வு விடாவிட்டாலும் பிரேக் ஆயில் திரும்பிவர வழியின்றி டிஸ்க் பிடித்துக்கொள்ளும்.

சிலிண்டரின் விட்டம் 7/8 அங்குலம். காலிபர் ஒவ்வொன்றிலும் 48 மில்லிமீட்டர் பிஸ்டன்கள் இரண்டு இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர் நகர்வதாகவும் கொண்டால், அதற்கு மட்டும் மாஸ்டர் பிஸ்டன் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் நகர வேண்டும். பெடல் கனமாக இருக்கிறதென்று 3/4 அங்குலச் சிலிண்டருக்கு மாறினால், அதே மிதிக்கு அழுத்தம் 36 சதவீதம் கூடும்; ஆனால் அந்த நகர்வும் 7.6 மில்லிமீட்டராக நீளும். கால் வலு குறைந்தவர்களுக்கு, எஞ்சின் வெற்றிடத்தால் இயங்கி மிதிக்கு வலுக்கூட்டும் சர்வோவே பொருத்தமான தீர்வு. பேட் தேயத் தேயக் காலிபருக்குள் ஆயில் அதிகம் இறங்குவதாலும், காலடியிலுள்ள தொட்டி சிறியதாலும், பானெட்டுக்குள் உயரத்தில் தனித் தொட்டி ஒன்றை வைத்துக் குழாய் இணைப்பதை வற்புறுத்திச் சொல்வேன்.

பின்பக்க டிரம்களை அப்படியே விடுங்கள். அங்கே ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரைப் பெரிதாகப் போட்டால், திடீரென மிதிக்கும்போது பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். ஆனால் பிளீட் செய்வதற்கு முன் பின் ஷூக்களைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும். அவை தளர்ந்திருந்தால் பெடல் ஆழமாகப் போகும், பழி புது டிஸ்க்கின்மேல் விழும். பிரேக் ஆயிலுக்கு டாட் 4 எனும் தரம் போதும். புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். சிலிகானால் ஆன டாட் 5ஐ அதனோடு கலக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, காற்றுக்குமிழி நிற்கும்வரை பிளீட் செய்யுங்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடலைப் பலமுறை மிதித்துப் பேடுகளை டிஸ்க்கோடு ஒட்டவைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முதல் மிதியில் பிரேக்கே இராது. பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். பிறகு ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, பத்து முறை செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் பிராக்கெட் போல்ட்டுகளையும் ஒவ்வொரு இணைப்பையும் மீண்டும் சோதித்து, இந்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய டிரம்களையும் பின்தட்டுகளையும் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவர விரும்பும் அடுத்த உரிமையாளருக்கு அவை தேவைப்படும்.