பழைய சைக்கிளைச் சேகரித்துக் கொடுக்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

சென்னையில் எந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்கை எட்டிப் பார்த்தாலும் நாலைந்து சைக்கிள் தூசி படிந்து, காற்று இறங்கி, சுவரில் சாய்ந்து கிடக்கும். அவற்றைச் சரிபண்ணித் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஏரியாவுக்கு ஏரியா யாராவது கிளம்புகிறார்கள். நல்ல வேலைதான், ஆனால் பலரும் 'இத்தனை சைக்கிள் கொடுத்தோம்' என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். வாங்கிக்கொண்டவர் மூன்று மாதம் கழித்தும் அதை ஓட்டுகிறாரா? அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

கேட்காமல் தூக்குவது முதல் தவறு. சும்மா கிடக்கிற சைக்கிளுக்கும் சொந்தக்காரர் உண்டு, அவர் துபாயில்கூட இருக்கலாம். குடியிருப்போர் சங்கம் மூலமாக நோட்டீஸ் ஒட்டி, கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்து, கொடுப்பவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஃப்ரேம் நம்பரையும் குறித்து வையுங்கள். பெரும்பாலும் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினால் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். நாளைக்கு அதை ஓட்டும் பையனை யாராவது நிறுத்தி 'இது யாருது?' என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தக் காகிதம் வேண்டும்.

அடுத்தது, பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறுவது. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ பேஸ்மென்ட்டில் மூழ்கிக் கிடந்த சைக்கிளைத் துடைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலும் பெடல் அச்சிலும் கிரீஸ் போய், உள்ளே உருளும் சின்ன இரும்புக் குண்டுகளான பால்ஸ் எல்லாம் துருப்பிடித்திருக்கும். பிரித்துப் பார்த்து, பால்ஸ் மாற்றி, புது கிரீஸ் வைக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் வருஷக்கணக்காக நின்றதென்றால் வெல்டிங் ஓரங்களையும் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் ரிப்பேரே வேண்டாம். சக்கரம், செயின், கேரியர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு ஃப்ரேமைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

டயர் விஷயத்தில் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். '26 இஞ்ச்' என்று மட்டும் சொல்லி வாங்கிவந்தால் மாட்டாது. லேடீஸ் சைக்கிள்களில் பரவலாக வரும் 26×1⅜ டயர் உட்காரும் ரிம் விட்டம் 590 மி.மீ., மவுன்டன் பைக்கின் 26×1.95-க்கு 559 மி.மீ. பழைய டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அப்புறம் இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலதுபோல நினைத்து முறுக்கினால் பெடல் மாட்டும் தண்டான கிராங்கே போச்சு. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிற பழக்கமும் வேண்டாம், அது பிசினாகிப் புழுதியையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது: ஆளுக்குப் பொருந்தாத சைக்கிளைக் கொடுப்பது. வீட்டுவேலைக்குப் போகும் அக்காவுக்கு சஸ்பென்ஷன் வைத்த, மட்கார்டே இல்லாத கியர் சைக்கிளைக் கொடுத்துப் போட்டோ எடுத்தால் என்ன பிரயோஜனம்? அவருக்கு வேண்டியது கேரியர், முன்கூடை, ஸ்டாண்டு, சேலையும் துப்பட்டாவும் சிக்காதபடி செயின் கவர். ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாமல் ஒரு நாள் போனால் முதுகெல்லாம் சேறு, மறுநாள் ஷேர் ஆட்டோதான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் மாதிரி சாதாரண வண்டிதான் இதற்கு லாயக்கு, பாகமும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஈசிஆரில் டி-ஷர்ட் போட்டுப் பேரணி நடத்துவதோடு பிரசாரம் முடிந்ததென்று நினைக்கிறவர்களும் உண்டு. பேரணி நடக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் காய்கறி வாங்க, டியூஷனுக்குப் போக, ஸ்டேஷன் வரை போக ஒருவர் சைக்கிளை எடுக்கவேண்டுமென்றால் அவரோடு ஒரு சாயங்காலம் கூடவே ஓட்டிப் போய், மெயின்ரோட்டைத் தொடாமல் உள்தெரு வழியாகவே மார்க்கெட்டுக்குப் போகும் வழியைக் காட்டவேண்டும். புதிதாக ஓட்டுபவரை எடுத்த எடுப்பில் அண்ணா சாலையில் இறக்காதீர்கள்.

கொடுக்கும்போது பூட்டு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், பெல் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டை அவர் உயரத்துக்கு வைத்துக் கொடுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். ஒரு மாதம் கழித்து போன் செய்யுங்கள். பஞ்சருக்குக் காசில்லாமல் வண்டி மூலையில் நிற்கிறது என்றார்களானால், அடுத்த சைக்கிளைத் தேடிப் போகும் முன் முதலில் அதற்கு ஒட்டுப் போட்டுக் கொடுங்கள்.