துணியில் ஸ்கிரீன் பிரின்ட் செய்ய, தூக்கி வைக்கக்கூடிய ஒரு மேசை

துணியில் ஸ்கிரீன் பிரின்ட் பழகத் தொடங்குகிறவர்கள் காசையெல்லாம் ஸ்கிரீனுக்கும் (சட்டகத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி) மைக்கும் செலவழித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து அச்சிடுவார்கள். பூவின் ஓர் இதழ் அழுத்தமாக விழும், அடுத்தது வெளிறிப் போகும். உடனே மையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் அடியில் இருக்கும் பரப்பில்தான். அது மட்டமாக இருக்க வேண்டும், கொஞ்சம் அமுங்கவும் வேண்டும். அமுங்கினால்தான் நெசவின் மேடு பள்ளம் முழுவதிலும் ஸ்கிரீன் படியும்.

பட்டறைகளில் இதற்குப் பல மீற்றர் நீள மெத்தை மேசைகள் இருக்கும். வீட்டுக்கு அது தேவையில்லை. திருகோணமலையில் இடம் மாற்றக்கூடிய மேசைதான் வசதி. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் விறாந்தையில் அச்சிட்டால் தண்ணீர் கலந்த மை ஸ்கிரீனின் கண்களிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும்; அறைக்குள் போய்விட வேண்டும், மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். மற்ற நாட்களில் வெளிச்சமான விறாந்தையே நல்லது. அதனால் நாம் செய்யப்போவது காலில்லாத மெத்தைப் பலகை. எந்த மேசை மேலும் வைக்கலாம், ஓட்டோவில் சாய்த்து ஏற்றியும் போகலாம்.

பலகை

8க்கு 4 அடி பிளைவுட்டில் 4க்கு 2 அடித் துண்டு நான்கு வரும். ஒன்று போதும், மற்றதைப் பழகும் நண்பர்களோடு பங்கு போடுங்கள். கனம் 12 மில்லிமீற்றர். கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கைவாளால் நேராக வெட்டுவது பெரிய பாடு. தூக்க வசதியாக நடுவில் பிணைச்சல் போட்டு மடக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அந்த மூட்டு ஒவ்வொரு அச்சிலும் கோடாக விழும்.

12 மில்லிமீற்றர் பலகை தனியே நின்றால் வளையும். அடிப்பக்கம் நான்கு ஓரத்திலும், நடுவில் குறுக்கே ஒன்றுமாக, 2க்கு 1 அங்குலச் சட்டம் வைத்துப் பசை பூசித் திருகாணி போடுங்கள். சட்டம் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். கடற்காற்றில் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரத் துணியில் அந்தத் துரு பழுப்புக் கறையாக இறங்கினால் கழுவினாலும் போகாது. கொஞ்சம் விலை கூடினாலும் எவர்சில்வர் திருகாணிதான் இங்கே சரி. கடைசியாக வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்துவிடுங்கள், மாரி ஈரம் உள்ளே போகாது.

மெத்தை

முழு மேசையின் உயிரும் இதில்தான். ஸ்பொஞ்ச் போடாதீர்கள், ஸ்குவீஜி (மையை இழுக்கும் ரப்பர் தகடு) அழுத்தும் இடத்தில் குழி விழுந்து மை பிதுங்கும். இறுக்கமாக நெய்த பழைய கம்பளிப் போர்வையைப் பலகை அளவுக்கு இரண்டு மூன்று மடிப்பாக வெட்டிப் போடுங்கள். மொத்தம் 6 முதல் 8 மில்லிமீற்றர் கனம் வந்தால் போதும். தையல் மடிப்போ ஓட்டையோ உள்ள துண்டைத் தள்ளிவிடுங்கள். அதன் மேல் மெல்லிய பொலித்தீன் ஒரு படை, கம்பளிக்குள் ஈரம் இறங்காமல் இருக்க.

எல்லாவற்றுக்கும் மேலே பருத்திக் கன்வஸ். சுற்றிலும் 4 அங்குலம் கூடுதலாக, அதாவது 56க்கு 32 அங்குலம் வெட்டுங்கள். முதலில் துவைத்துக் காயவைத்து ஸ்திரிக்கை போட்டால் பிறகு சுருங்காது. பலகையைக் கவிழ்த்து, ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் ஸ்டேப்ளர் அடியுங்கள்; எதிர்ப்பக்கத்தின் நடுவை இழுத்து அடுத்தது. அப்புறம் குறுக்குப் பக்கங்களின் நடு. இப்படியே மாறி மாறி நடுவிலிருந்து வெளியே போய், மூலைகளை மட்டும் கடைசிக்கு வையுங்கள். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் துணி கோணலாக இழுபடும். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கையில் தட்டுப்படுவது அச்சிலும் தெரியும்.

இதன் மேல் பழைய பருத்தி விரிப்பொன்றைக் குண்டூசியால் குத்தி வையுங்கள். வழியும் மையை அது வாங்கிக்கொள்ளும், கழற்றித் துவைக்கலாம்.

அளவுச் சட்டம்

ஒரே ஒரு படம்தான் அச்சிடுவீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். வரிசையாக வர வேண்டுமென்றால், உங்கள் பக்கத்து நீள ஓரத்தில் 4 அடி அலுமினிய எல்-சட்டத்தை, துணிக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் நிற்கும்படி பொருத்துங்கள். ஸ்கிரீன் சட்டகத்தின் விளிம்பில் இரண்டு திருகாணித் தலை இதில் முட்டட்டும். மூன்றாவதொன்று, நீங்கள் அலுமினியத்தில் மாட்டும் சிறு கிளாம்பில் பக்கவாட்டில் முட்டட்டும். மூன்று இடமும் முட்டினால் ஸ்கிரீன் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும்.

படம் 8 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறதென்றால், இரு முனையிலும் 4 அங்குலம் விட்டு ஐந்து இடம் கிடைக்கும். முதலில் 1, 3, 5. அது காய்ந்த பிறகு 2, 4. வரிசையாகப் போனால் சட்டகம் பக்கத்து ஈர அச்சின் மேல் உட்கார்ந்து இழுத்துவிடும். அதனால் சட்டகத்தின் வெளி அகலம் படத்தின் இடைவெளியைப் போல் இருமடங்குக்குக் குறைவாக இருந்தால் போதும். இங்கே 16 அங்குலத்துக்குள்.

அச்சிட

பலகையை வைக்கும் மேசை இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். உடல் பாரத்தால் அழுத்தலாம், தோள் நோகாது. வழுக்கினால் அடியில் ரப்பர் விரிப்பு வையுங்கள். துணியைக் கஞ்சி போகத் துவைத்து, நெசவு நேராக இருக்கும்படி இழுத்துக் குண்டூசி குத்துங்கள். முதல் வேலைக்குத் தலையணை உறை, துணிப்பை போன்றவை போதும். சேலைக்கு இந்தப் பலகையில் பல தடவை நகர்த்த வேண்டி வரும், அது பழகிய கைக்கு.

மை காய்ந்ததும் ஸ்திரிக்கையால் சூடு கொடுத்து நிலைப்படுத்துவீர்கள் அல்லவா, அதை இந்தப் பலகையில் செய்யாதீர்கள். கன்வஸுக்கு அடியில் இருக்கும் பொலித்தீன் உருகிவிடும். வேலை முடிந்தால் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல் கட்டிலுக்குக் கீழே படுக்கப் போடுங்கள். சாய்ந்தே நின்றால் மாரி முடிவதற்குள் வளைந்துவிடும்.