தூரத்து அறைக்கு வைஃபை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசி அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று யோசனை கேட்பவர்களில் பெரும்பாலானோர், அதற்கு முன்பே ஏதாவது ஒரு கருவியை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ரூட்டரை இரும்பு அலமாரிக்குள் வைக்கக் கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிக்னல் இல்லாத அறையிலேயே ரிப்பீட்டரை மாட்டுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருகிற தவறு இது. ரிப்பீட்டர் தானாக இணையத்தை உண்டாக்குவதில்லை. ரூட்டரிடமிருந்து வருவதைத்தான் வாங்கி மறுபடி அனுப்புகிறது. சிக்னல் எட்டாத இடத்தில் அதை மாட்டுவது, வறண்ட கிணற்றில் மோட்டாரை இறக்குவதற்குச் சமம்.

ஆனாலும் கைபேசியில் கோடுகள் முழுமையாகத் தெரிவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அந்தக் கோடுகள் கைபேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. நண்பர் ஒருவர் மாடி அறையில், மேசையை ஒட்டிய பிளக்கிலேயே ரிப்பீட்டரை மாட்டியிருந்தார். கோடுகள் நிறைந்திருந்தும் வீடியோ அழைப்பில் முகங்கள் உறைந்து நின்றதால், இணைய நிறுவனத்தின் மேல் சந்தேகப்பட்டு அதிக வேகத் திட்டத்துக்கு மாறினார். அதுவும் பலிக்காமல் போகவே, முதல் ரிப்பீட்டரோடு இரண்டாவது ஒன்றையும் கோத்துவிட்டார். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே சேனலில் மாறி மாறிச் செய்வதால், வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இரண்டைக் கோத்தால் அந்தப் பாதியிலும் பாதிதான் மிஞ்சும்.

இரண்டையும் அணைத்துவிட்டு, அந்தப் பிளக்கின் அருகே வைஃபை அனலைசர் செயலியில் ரூட்டரின் சிக்னலைப் பார்த்தபோது -84 டிபிஎம் (சிக்னலின் வலுவை அளக்கும் அலகு) காட்டியது. பூஜ்யத்தை நெருங்க நெருங்கத்தான் சிக்னல் வலுவானது. -80-க்கும் கீழே இறங்கினால் இணைப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும். மாடிப்படித் திருப்பத்தில் -62 கிடைத்தது. ஒரே ஒரு ரிப்பீட்டரை அங்கே மாற்றி மாட்டியதும் அழைப்பு தடையில்லாமல் ஓடியது. அறையில் கோடு ஒன்றிரண்டு குறைந்துவிட்டதே என்று அவருக்கு அப்போதும் மனக்குறைதான்!

பழைய ரூட்டரை அப்படியே இணைப்பது

கேபிள் வழியாக இணைக்கும் இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (முதல் ரூட்டரின் நெட்வொர்க்கையே வைஃபையாகப் பரப்பும் முறை) மாற்றாவிட்டால், அது தனியாக ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். ஓர் அறையில் இருக்கும் பிரிண்டர் மற்ற அறையின் மடிக்கணினிக்குத் தெரியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அந்த வசதி இல்லாத ரூட்டரில், முதல் ரூட்டரோடு மோதாத ஐபி முகவரியைக் கொடுத்து, டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் வசதி) அணைத்து, கேபிளை வெளி இணையத்துக்கான வான் போர்ட்டில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டில் செருக வேண்டும்.

ரூட்டரின் சிக்னல் அனுப்பும் திறனை மட்டும் கூட்டுவது

ரூட்டரின் சிக்னல் கைபேசிக்கு எட்டினால் மட்டும் போதுமா? கைபேசியின் பதில் ரூட்டருக்குத் திரும்பி வந்து சேர வேண்டாமா?

மெஷ் வாங்கினால் இடம் பார்க்க வேண்டியதில்லை என்று நினைப்பது

மெஷ் என்பது பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் அமைப்பு. அவை கம்பியில்லாமல் இணைந்தால், ரிப்பீட்டருக்குச் சொன்ன அதே விதிதான்: சிக்னல் நன்றாக எட்டும் இடத்தில்தான் வைக்க வேண்டும்.

கேபிளைச் சோதிக்காமல் சுவருக்குள் விடுவது

கேட் 5இ வகை நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வேகத்தைத் தாங்கும். ஆனால் அதற்கு எட்டுக் கம்பிகளும் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அல்லது இணைப்பே கிடைக்காமல் போகும். மடிக்கணினியைச் செருகி, இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா எனப் பார்த்த பிறகே சுவரைப் பூசச் சொல்லுங்கள்.